கிராபிக்ஸ் கார்டு ஓவர்கிளாக்: முதலில் சூடு, கடைசியில் வேகம்

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்ய, அதாவது தயாரித்தவர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, உட்கார்ந்த முதல் இரவில் அதற்கான மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைத் திறந்தேன். கார்டின் சிப் ஓடும் வேகமான கோர் கிளாக்கில் 150 மெகாஹெர்ட்ஸ் கூட்டினேன், மெமரியில் 1000 கூட்டினேன், நேராக விளையாட்டுக்குள் போய்விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரை கறுத்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக ஏற்றியதால் கவிழ்த்தது எது என்றே தெரியவில்லை. மறுநாள் ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு, மெமரி 10 ஜிபி. என் எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு கார்டு வாங்கினாலும் இரண்டும் ஒரே அளவு ஏறாது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும்தான்.

முதலில் ஒன்று புரிய வேண்டும்: உங்கள் கார்டு ஏற்கெனவே தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்துகொண்டுதான் ஓடுகிறது. 2012இல் ஜிடிஎக்ஸ் 680 கார்டு வந்தபோது என்விடியா ஜிபியு பூஸ்ட் (ஜிபியு என்பது கார்டின் முக்கியச் சிப்) என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை கார்டு தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். 3080க்கு அறிவிக்கப்பட்ட பூஸ்ட் வேகம் 1710 மெகாஹெர்ட்ஸ். என் கார்டோ எதையும் தொடாமலே 1905இல் ஆரம்பித்தது. சூடு ஏற ஏற 15, 15ஆக இறங்கி 77 டிகிரியில் 1860க்கு வந்து நின்றது. ஆகவே "எவ்வளவு ஏற்றலாம்" என்று கேட்பதை விட "இதை இப்போது தடுப்பது எது" என்று கேட்பதுதான் சரி.

அதற்குப் பதில் ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் இருக்கிறது. சென்சார் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி. அதில் பவர் என்று வந்தால் மின்சார வரம்பு இடிக்கிறது, தெர்மல் என்றால் சூடு, விரெல் என்றால் வோல்டேஜ் வரம்பு. யூட்டில் என்று வந்தால் கார்டுக்கு அந்த நேரத்தில் போதிய வேலையே இல்லை, அதை விட்டுவிடலாம். என் கார்டில் முக்கால்வாசி நேரம் பவர் என்றே காட்டியது.

சரி, எதையும் ஏற்றுவதற்கு முன் சூட்டை இறக்குங்கள். கேபினெட்டைத் திறந்து தூசியை எடுங்கள். தொழிற்சாலை வைத்த ஃபேன் வேகம் சத்தம் வரக் கூடாது என்பதற்காக அமைத்தது, குளிர்ச்சி அதற்கு இரண்டாம்பட்சம். ஆஃப்டர்பர்னரில் நானே ஒரு கோடு வரைந்தேன்: 60 டிகிரியில் 50 சதவீதம், 70இல் 70, 75இல் 85. சத்தம் கூடியது, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டேன். 77 டிகிரி 69 ஆனது. கிளாக்கைத் தொடாமலே 1860 மெகாஹெர்ட்ஸ் 1890 ஆனது. ஓவர்கிளாக்கில் எனக்குக் கிடைத்த முதல் 30 மெகாஹெர்ட்ஸ் தூசி தட்டியும் ஃபேனைச் சுற்றவிட்டும் வந்ததுதான்.

ஜிபியு வெப்பத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் ஹாட்ஸ்பாட் வெப்பத்தையும், அதாவது சிப்பில் மிகச் சூடான இடத்தின் வெப்பத்தையும், பாருங்கள். பொதுவாக இரண்டுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் இருக்கும். அது 25, 30ஐத் தாண்டினால் சிப்பின் மேல் தடவிய வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். அந்த நிலையில் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். கார்டைக் கழற்றுவதற்கு முன் வாரண்டி விதியைப் படித்துவிடுங்கள். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள கார்டு என்றால் மெமரி ஜங்ஷன் வெப்பமும் (மெமரி சிப்புக்குள் இருக்கும் சூடு) முக்கியம். 3080 போன்ற கார்டுகளில் அது 110 டிகிரியைத் தொட்டால் கார்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனக்கு 104 இருந்தது. புதிய ஃபேன் கோட்டில் 96க்கு இறங்கியது.

இன்னொன்று கேபிள். கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் விதிப்படி 150 வாட். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு தலைகளையும் கார்டில் செருகியிருந்தால், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள்களை இழுத்து மாட்டுங்கள்.

இப்போது அளவுகோல் வேண்டும். நான் யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற வேகச் சோதனை மென்பொருளை எடுத்துக்கொண்டேன். பிரவுசர் உட்பட எல்லாவற்றையும் மூடிவிட்டு 1080பி எக்ஸ்ட்ரீம் அமைப்பில் மூன்று முறை ஓட்டி மதிப்பெண்ணின் சராசரியை நோட்டில் எழுதினேன்: 10,840. பவர் லிமிட்டைக் கார்டு அனுமதித்த உச்சிக்குத் தள்ளி, புதிய ஃபேன் கோட்டோடு மறுபடி ஓட்டினால் 11,020. பவர் லிமிட்டின் உச்சியைக் கார்டு தயாரித்தவர்களே வைத்திருக்கிறார்கள், சூடு கட்டுக்குள் இருந்தால் அதுவரை தள்ளுவதில் பயமில்லை. கோர் வோல்டேஜ் பட்டனைத் தொடாதீர்கள். வோல்டேஜ் கூடினால் மின்செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஏற்கெனவே பவர் வரம்பில் முட்டிக்கொண்டிருக்கும் கார்டுக்கு அது உபகாரமே இல்லை.

அடுத்து கோர். மெமரி பூஜ்யத்திலேயே இருக்கட்டும். கோரை 30 கூட்டி ஆரம்பியுங்கள், பின் 15, 15ஆக ஏறுங்கள். அகலக்கால் வைக்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கார்டு விழும்போது திரை கறுக்கும், விளையாட்டு மூடிக்கொள்ளும், அல்லது எல்லாம் உறைந்து நிற்கும். கார்டு பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் 2 விநாடி காத்திருந்துவிட்டு டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) மறுபடி கிளப்பும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூயரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். அப்படி விழுந்தால் அமைப்பைப் பழையபடி வைத்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டே தொடருங்கள். எனக்கு 120இல் மூன்று நிமிடத்தில் விழுந்தது. 105 ஒரு மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தது. 90 விழவில்லை. நான் வைத்தது 75.

மெமரிதான் எனக்குப் பாடம் எடுத்தது. கோரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மெமரியை 200, 200ஆக ஏற்றினேன். 200இல் 11,090. 400இல் 11,170. 600இல் 11,230. 800இல் 11,220. 1000இல் 11,040. கவனியுங்கள், 1000இலும் எதுவும் விழவில்லை, திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. ஆனால் ஏற்றியதால் கிடைத்தது அத்தனையும் கரைந்துவிட்டது. காரணம், ஜிடிடிஆர்6எக்ஸ் பிழையைக் கண்டுபிடித்து அந்தத் தகவலை மறுபடி அனுப்பச் சொல்லும். அந்த இரண்டாம் முறை அனுப்பலில்தான் நேரம் போகிறது. முதல் இரவில் என்னைக் கவிழ்த்தது கோர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. மெமரி சத்தம் போடாமல் வேகத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. எல்லா மெமரியும் இப்படிப் பூசி மெழுகாது. பல கார்டுகளில் வண்ணப் புள்ளிகள் மின்னும், முக்கோணங்கள் தெறிக்கும், திரை கட்டம்கட்டமாக உடையும். எப்படியிருந்தாலும் மதிப்பெண் உச்சியைத் தொட்ட இடத்திலிருந்து 100 குறைத்து வையுங்கள். நான் 500இல் நிறுத்தினேன். (ஆஃப்டர்பர்னரில் 500 கூட்டினால் பயனளவு வேகத்தில் அது 1000. யாராவது தன் மெமரி எண்ணைச் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

இரண்டையும் சேர்த்துப் போட்டபோது 11,510. ஆரம்பத்தோடு ஒப்பிட்டால் 6 சதவீதம். விநாடிக்கு 60 ஃபிரேம் வந்த இடத்தில் 63, 64 வரும், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பீர்கள்.

நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கார்டை முழு வேலையில் அமுக்கும் ஃபர்மார்க் என்ற சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டினேன், 120 கூட்டியிருந்தபோதும் விழவில்லை. ஏனென்றால் ஃபர்மார்க் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். பவர் வரம்பில் முட்டி கோர் வேகம் வெகுவாக இறங்கிவிடும். நான் சோதிக்க நினைத்த உயர்ந்த வேகத்தை அது தொடவே இல்லை. ஃபேன் தாங்குமா என்று பார்க்க அது போதும், கிளாக் தாங்குமா என்று பார்க்க உதவாது.

இதற்கு நேர் எதிரான கோணல் ஒன்றும் உண்டு. கார்டு குளிர்ந்திருக்கும்போதுதான் வேகம் அதிகம். சூடான பின் 1965இல் ஓடும் கார்டு, கணினியைப் போட்ட முதல் இரண்டு நிமிடத்தில் 2010ஐத் தொடுகிறது. அரை மணி நேரம் சூடேற்றிவிட்டுச் சோதித்தால் இந்த இடத்தைத் தவறவிடுவீர்கள். அதனால் குளிர்ந்த கார்டோடும் விளையாட்டைத் திறந்து பாருங்கள். ரே டிரேசிங் (ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டு வரையும் முறை) உள்ள ஒரு விளையாட்டு கட்டாயம் வேண்டும். பழைய சோதனைகள் எழுப்பாத பகுதிகளை அது எழுப்பும். 60 ஃபிரேமில் கட்டிவைத்த லேசான விளையாட்டு ஒன்றையும் சேருங்கள், வேகம் ஏறி இறங்கும்போது விழும் கார்டுகள் அங்கேதான் பிடிபடும். த்ரீடிமார்க் என்ற சோதனை மென்பொருள் வைத்திருந்தால் அதன் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று ஓடும், ஃபிரேம் வேகம் 97 சதவீதம் நிலையாக இருந்தால் தேர்ச்சி.

ஒரு வாரம் இப்படிப் போகும் வரை விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பை ஏற்றச் சொல்லும் பட்டனை அழுத்தாதீர்கள். நிலையில்லாத எண் அதில் உட்கார்ந்துவிட்டால் டெஸ்க்டாப் வந்ததும் விழும், அப்புறம் சேஃப் மோடில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு இன்று நான் ஓட்டுவது வேறு அமைப்பு, வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது. ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலையும் எஃபையும் சேர்த்து அழுத்தினால், எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வோல்டேஜ் கோடு திறக்கும். கோர் கிளாக்கை 200 குறைத்து மொத்தக் கோட்டையும் கீழே இறக்கினேன். 875 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து 1875 மெகாஹெர்ட்ஸுக்கு இழுத்து அப்ளை கொடுத்தேன். அதற்கு வலப்பக்கம் இருந்த கோடு தட்டையாகிவிட்டது, கார்டு அதற்கு மேல் ஏறாது. மெமரி அதே 500. மதிப்பெண் 11,190. மின்செலவு 320 வாட்டிலிருந்து 270 பக்கம் வந்துவிட்டது, ஃபேன் சத்தம் ஹெட்ஃபோன் இல்லாமலே தாங்கும்படி இருக்கிறது. இதையும் ஓவர்கிளாக் போலவே சோதிக்க வேண்டும், குறைந்த வோல்டேஜும் கார்டைக் கவிழ்க்கும். ஏஎம்டி கார்டு என்றால் தனிக் கருவி தேவையில்லை, அட்ரினலின் மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ், டியூனிங் பக்கத்திலேயே பெரும்பாலான கார்டுகளுக்கு இவை இருக்கின்றன.

பழைய ஓவர்கிளாக்கை இரண்டாவது புரொஃபைலில் வைத்திருக்கிறேன். டிரைவர் புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டையும் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். போன முறை புதுப்பித்த பின் 75 இரண்டு முறை விழுந்தது. நோட்டில் அதை அடித்துவிட்டு 60 என்று எழுதியிருக்கிறேன்.