சுத்தம் செய்யக் கொடுத்த தங்கம் முழுசாகத் திரும்பி வர

நாகர்கோவில் வடசேரியில் என் வீட்டுக்காரர் கோயில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். நெத்திச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் என்று கெம்புக்கல் பதித்த நாட்டிய நகைகள்தான் அதிகம். இடையில் கல்யாண வீட்டுத் தங்க வேலையும் வரும். ஊதுகுழலும் உளியும் அவர் பாடு. எடை, வரவு, பாக்கி எழுதுகிற நோட்டு இருபத்திரண்டு வருஷமாக என் பாடு. அந்த நோட்டில் 2018 ஆவணிப் பக்கத்தில் "கொடுத்தது 41.280" என்று ஒரு வரி இருக்கிறது. எதிரே வரவுக் கட்டம் இன்றுவரை காலி. கிராம் கணக்கு, ஐந்து பவுனுக்கு மேல். அது போன விதம் தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் காரியம், வெள்ளி, செம்பைப் பிரித்துச் சுத்தத் தங்கமாக்குகிறவரிடம் தூளாகக் கொடுக்காதீர்கள். அரப்பொடி, கூட்டிய மண், பாலிஷ் துணி, உடைந்த மூசை (உருக்குகிற கிண்ணம்) எல்லாவற்றிலும் தங்கம் கிடக்கும். அரத்தின் இரும்புத் தூளைக் காந்தத்தால் இழுத்துவிட்டு, துணியையும் மண்ணையும் சட்டியில் கருக்கி, அரிசி களைகிற மாதிரி தண்ணீரில் அரித்து, அடியில் தங்குவதை வெண்காரம் போட்டு உருக்கி ஒரே கட்டியாக்குங்கள். (ஆனி ஆடியில் எங்கள் தெருவில் காற்று வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பட்டறை கூட்டுவோம்.) தூளுக்கு யாரும் எந்தக் கணக்கும் சொல்லலாம். கட்டிக்கு எடை உண்டு, டச் உண்டு. டச் என்றால் நூறு பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு.

டச் பார்க்க எக்ஸ்ரே மெஷினில் வைத்தால் அது மேல்தோலைத்தான் படிக்கும். கட்டியின் மேலும் கீழும் இரண்டு இடத்தில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய எடை என்றால் ஹால்மார்க் சென்டரில் நெருப்புச் சோதனையே நல்லது. துண்டை ஈயத்தில் பொதிந்து சின்னக் கிண்ணத்தில் காய்ச்சினால் செம்பை எல்லாம் ஈயம் இழுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுகிற வெள்ளியை அமிலத்தில் கரைத்தபின் நிற்பது தங்கம் மட்டும். கணக்கு எளிது: கட்டி 46.300 கிராம், டச் 71.5 என்றால் சுத்தத் தங்கம் 33.104. இந்த எண்ணைக் கூலி, கழிவு பேசுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

சுத்தம் செய்கிற முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். தங்கம் ஒரு பங்கு, வெள்ளி மூன்று பங்கு வருகிற அளவுக்கு வெள்ளி சேர்த்து உருக்கி நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள். வெள்ளியும் செம்பும் கரைந்துபோக, காப்பித்தூள் நிறத்தில் தங்கம் அடியில் நிற்கும். கழுவி உருக்கினால் மஞ்சள் வந்துவிடும். கரைந்த வெள்ளி எங்கும் போய்விடவில்லை. செம்புத் தகட்டைப் போட்டால் திரும்ப இறங்கும். உங்கள் கட்டியில் இருந்த வெள்ளி யாருக்கு என்று முதலிலேயே கேளுங்கள், பலரும் கேட்பதில்லை. இந்த வேலையை வீட்டில் மட்டும் செய்து பார்க்காதீர்கள். அமிலத்திலிருந்து எழுகிற சிவந்த புகைக்கு நுரையீரலை அரிக்கிற சக்தி இருக்கிறது.

இனி எங்கள் 41.280. பக்கத்து நகரத்தில் ஒரு சுத்திகரிப்புக் கம்பெனி திறந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உலை, நம் கண் முன்னே உருக்கு, ஒரு மணி நேரத்தில் கட்டி கையில். ஒரு வருஷத்தில் எங்கள் தெருவே அங்கே போனது. அப்புறம் ஒரு நாள், "தங்கத்தை ஒரு மாசம் எங்களிடமே விட்டு வையுங்கள், நூறு கிராமுக்கு ஒரு கிராம் கூட்டித் தருகிறோம்" என்றார்கள். முதல் இரண்டு தடவை சொன்னபடி தந்தார்கள். என் மாமனார் அப்போதே சொன்னார்: "மக்களே, உருக்குறவனுக்குக் கூலிதான் வருமானம். கூட ஒரு கிராம் தாறான்னா அது எவன் தங்கம்?" நான் கேட்கவில்லை. பிறகு ஒரு மணி நேரம் மூன்று நாளானது, மூன்று நாள் ஒரு வாரமானது. கட்டிக்குப் பதில் செக் தந்தார்கள். ஆவணியில் ஷட்டர் இறங்கியது.

அதே வருஷம் அமெரிக்காவிலும் இது பெரிய அளவில் நடந்தது. மயாமியில் 1980-இல் தொடங்கிய ரிபப்ளிக் மெட்டல்ஸ் சுத்திகரிப்பு நிறுவனம், கையிருப்புக் கணக்கில் துண்டு விழுந்து, 2018 நவம்பர் 2 அன்று திவால் மனுப் போட்டது. உள்ளே கிடந்த தங்கம் கடன் கொடுத்த வங்கிகளுக்கா, சுத்தம் செய்ய அனுப்பியவர்களுக்கா என்று கோர்ட்டில் வழக்கு நடந்தது. எல்லார் தங்கமும் ஒரே உலையில் கலந்தபின் எது எவருடையது என்று யார் பிரிப்பது? காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அப்போது பேசும். என் ரசீதில் "பாக்கி 41.280" என்று மட்டும் இருந்தது. பாக்கி என்றால் கடன். நான் தங்கத்துக்குச் சொந்தக்காரி என்ற நிலை போய், கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் நின்றேன்.

அதனால் ரசீதில் "சுத்தம் செய்து திருப்பித் தர மட்டும், உரிமை கொடுத்தவருடையது" என்று எழுதச் சொல்லுங்கள். எடை, டச், சுத்தத் தங்க எடை, திருப்பித் தரும் தேதி நான்கும் அதில் இருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ள பட்டறை என்றால் ஜாப் வொர்க் டெலிவரி சலான் (வேலை செய்து தர மட்டும் அனுப்புகிற சீட்டு) போட்டு அனுப்புங்கள்; விற்பனை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் கட்டியைத் தனியாக உருக்கச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். நான் இப்போது சோறு கட்டிக்கொண்டு போகிறேன். சொன்ன நேரம் ஒரு நாள் தள்ளினால் அடுத்த கட்டியை அங்கே கொடுப்பதில்லை.

வாங்கியதும் அங்கேயே எடை போடுங்கள், வீட்டுத் தராசில் இன்னொரு தடவை. டச் பார்க்க வெட்டிய துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். அரை கிராம்தானே என்று மேஜையில் விட்டு வராதீர்கள்.