மண் சூடேறட்டும், அப்புறம் விதைக்கலாம்

குளிர் விலகி நாலு நாள் நல்ல வெயில் அடித்துவிட்டால் போதும், தோட்டம் வைத்திருப்பவர் கை சும்மா இருக்காது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொத்தி, விதைத்து, நட்டு, கிளைகளை வெட்டி எல்லாவற்றையும் முடித்துவிடத் தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். வசந்தத்தில் நான் பறிகொடுத்த செடிகளில் முக்கால்வாசி பூச்சியால் போனவை இல்லை, என் அவசரத்தால் போனவை.

முதலில் மண். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, கையைத் திறந்து கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். பந்து மாதிரி அப்படியே நின்றால் மண்வெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஈரக் களிமண்ணைக் கொத்தினாலும் சரி, அதில் நடந்தாலும் சரி, மண்ணுக்குள் காற்று போகிற இடைவெளிகள் நசுங்கி, காய்ந்ததும் செங்கல் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், அந்த வருடம் முழுக்க அதை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உதிர்கிற மண்ணையும் ஆழமாகப் புரட்ட வேண்டாம். மேலாகக் கிளறிவிட்டு, நன்றாக மக்கிய உரத்தை 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் மிச்ச வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும். ‘நன்றாக மக்கிய’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். பச்சைச் சாணம் இளம் வேரைக் கருக்கிவிடும். மரத்தூளை மண்ணோடு கலந்தால், அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், இலை வெளிறிப்போகும்.

அடுத்து, காற்றில் இருக்கிற சூட்டை நம்பி விதைக்காதீர்கள். விதைக்குத் தெரிவது மண்ணின் சூடு மட்டும்தான். காலையில் ஒரு தெர்மாமீட்டரை 5 செ.மீ. ஆழத்தில் செருகிப் பாருங்கள், மூன்று நாலு நாள் தொடர்ந்து பார்த்தால் நிலவரம் புரிந்துவிடும். பட்டாணியும் பசலைக்கீரையும் 8 டிகிரி செல்சியஸிலேயே மெதுவாக முளைத்துவிடும். பீன்ஸுக்கு 15 டிகிரியாவது வேண்டும், வெள்ளரிக்கு அதைவிடக் கூடுதல். தக்காளி விதை 25 டிகிரியில் ஆறு நாளில் முளைக்கும், 10 டிகிரியில் நாற்பது நாளுக்கு மேல் ஆகும். அந்த நாற்பது நாளில் பாதி விதை அழுகியே போய்விடலாம். ஆக, பத்து நாள் பொறுத்து விதைத்தவர் முந்தி விதைத்தவரை ஓவர்டேக் செய்வது இங்கே சர்வசாதாரணம்.

போன வருடத்து விதை மிச்சம் இருந்தால் பத்தை எடுத்து ஈரத் துணியில் சுருட்டி, காயாமல் வைத்து எண்ணிப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் நம்பி விதைக்கலாம், மூன்று நாலுதான் என்றால் அடர்த்தியாகப் போடுங்கள் அல்லது புதிது வாங்குங்கள். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. தக்காளி விதை நாலைந்து வருடம் கூடத் தாங்கும். விதைக்கிற ஆழம் விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். லெட்யூஸ் மாதிரிச் சில பொடி விதைகளுக்கு முளைக்க வெளிச்சமே தேவை, அவற்றை மண்மேல் தூவி லேசாக அழுத்திவிட்டால் சரி.

குழித்தட்டில் நாற்று விடுபவர்களுக்கு இரண்டு தொல்லை நிச்சயம். ஒன்று, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை தண்டு அடியில் நூலாக இளைத்து, அப்படியே சாய்ந்து கிடக்கும். இது நாற்றழுகல். ஈரம், குளிர், காற்றோட்டமின்மை மூன்றும் சேர்ந்தால் மண்ணில் இருக்கிற பூஞ்சைகள் செய்கிற வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. அதை மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு மேலிருந்து தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். தட்டை அரை மணி நேரம் தண்ணீரில் உட்காரவைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு சின்ன ஃபேன் மெதுவாக ஓடினால் இன்னும் நல்லது. இரண்டாவது, வெளிச்சம் போதாமல் நாற்று வெளிறி, ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்வது. ஜன்னலோரம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும் நாற்றுக்கு அது போதாது, விளக்கு வைத்தால் 14 மணி நேரமாவது எரிய வேண்டும். தக்காளி நெட்டையாகிவிட்டால் கவலைப்படாதீர்கள், நடும்போது தண்டைக் கீழ் இலைகள் வரை மண்ணுக்குள் புதைத்தால் புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். இதே வித்தையை எல்லாச் செடியிடமும் காட்டாதீர்கள், வெள்ளரியின் தண்டு அழுகிப்போகும்.

என் பெரிய முட்டாள்தனம் நாற்றை வெளியே வைத்ததில்தான். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த முப்பது நாற்றை ஒரு காலையில் நேரே வெயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் இலையெல்லாம் காகிதம் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. நோய் என்று நினைத்து மருந்து வேறு அடித்தேன், அதற்குப் பெயர் வெயில் காயம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, அப்புறம் இளவெயில் என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்கித்தான் நட வேண்டும். காயம்பட்ட இலை மீளாது, ஆனால் நடுக்குருத்து பச்சையாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும், பிடுங்கிவிடாதீர்கள்.

உறைபனி விழுகிற இடமென்றால், மேகமே இல்லாமல் காற்றும் அசையாத இரவுகளில் எச்சரிக்கையாக இருங்கள். பகலில் மண்ணை நனைத்துவிடுங்கள், ஈர மண் சூட்டைக் கூடுதலாகப் பிடித்துவைத்திருக்கும். சூரியன் மறையும் முன்பே பழைய போர்வையைத் தரைவரை தொங்கும்படி மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தாள் என்றால் இலையில் படாமல் குச்சி நட்டு மேலே விரியுங்கள். கருகின நுனியை மறுநாளே வெட்ட வேண்டாம், எது செத்தது எது பிழைத்தது என்று தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதேபோல் குளிர்ந்த மண்ணில் நாற்றின் இலை ஊதா நிறமானால் உரப் பையைத் தேடி ஓடாதீர்கள். குளிரில் வேரால் பாஸ்பரஸை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண் சூடேறியதும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

இளந்தளிர் வந்தால் பின்னாலேயே சாறு உறிஞ்சுகிற பொடிப் பூச்சியான அசுவினி வரும். முட்டைகூட இல்லாமல் நேரடியாகக் குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடும், அதனால் இரண்டு மூன்றுதானே என்று விட்டால் தளிரே தெரியாது. தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள், அசுவினி விடுகிற இனிப்புக் கசிவுக்காகத்தான் அது போகிறது. காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்தாலே பெரும்பாலும் போதும். மருந்தை எடுக்கும் முன் கிட்டப் போய்ப் பாருங்கள், கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு. அதைப் பூச்சி என்று நசுக்குபவர்கள்தான் அதிகம் (நானும் நசுக்கியிருக்கிறேன்). வளர்ந்து முடிப்பதற்குள் அது நூற்றுக்கணக்கான அசுவினியைத் தின்றுவிடும்.

நாற்று தரைமட்டத்தில் கத்தரித்தது போல விழுந்து கிடந்தால் அது வெட்டுப்புழு, பக்கத்து மண்ணை விரலால் கிளறினால் சுருண்டு கிடக்கும். அட்டைக் குழாயை வளையமாக வெட்டி நாற்றைச் சுற்றி 2 செ.மீ. புதைத்துவிடுங்கள். இலையில் ஓட்டையும் பளபளப்பான கோடும் இருந்தால் நத்தை. அதற்கு ராத்திரி டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதை மிஞ்சிய வைத்தியம் இல்லை, தண்ணீரைச் சாயங்காலம் விடாமல் காலையில் விட்டால் அதன் நடமாட்டமும் குறையும்.

கவாத்தில், அதாவது கிளை வெட்டுவதில், ஒரே ஒரு விஷயம் மட்டும். வசந்தத் தொடக்கத்தில் பூக்கிற புதர்களை இப்போது வெட்டினால் போன வருடமே உருவான மொட்டுகளை வெட்டி எறிகிறீர்கள், அவை பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். மண்ணை மூடுகிற வைக்கோல், காய்ந்த இலை மாதிரியான மூடாக்கையும் மண் சூடேறிய பிறகே 5 செ.மீ. கனத்துக்குப் போடுங்கள், முந்திப் போட்டால் குளிரையும் சேர்த்து மூடிவைத்தது போலாகிவிடும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் தள்ளியே நிறுத்துங்கள்.