மண்சுவர் வீடும் பலகைக் கடையும்: மாரிக்கு முன் பழுதுபார்க்க

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் இன்னும் நிற்கிற பழைய மண்சுவர் வீடுகளையும், தெருப்பக்கம் பலகை அடைத்துப் பூட்டுகிற சின்னக் கடைகளையும் அதிகம் கெடுத்தது சீமெந்துப் பூச்சுத்தான். மண்சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளியே விடும். சீமெந்து அதை அடைத்துவிடும். வெடிப்பால் இறங்கும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அடிச்சுவரைக் குழைத்துவிடும். கையால் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது.

கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தொடங்கி ஆவணிக்குள் முடியுங்கள். ஈரக் காலத்தில் சுண்ணாம்பு இறுகாது.

முதலில் தண்ணீரைத் திருப்ப வேண்டும். வீதியை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் உயர்த்துவதால் கடைத்தளம் பள்ளமாகிவிடுகிறது. சுவரோரம் சேர்ந்த மண்ணைப் பழைய குந்தின் (சுவரடித் திண்ணையின்) அடி தெரியும்வரை வெட்டி, சுவருக்கு எதிர்ப்பக்கம் சரிவு வையுங்கள். தாவாரத் தண்ணீர் விழும் கோட்டில் அரையடி ஆழக் கான் போதும். சுவரைச் சுற்றிக் கொங்கிறீட் போடாதீர்கள். ஈரம் சுவருக்குள்தான் ஏறும்.

பழைய சீமெந்தை உளியைச் சாய்த்துப் பிடித்து மெல்ல எடுங்கள். பள்ளங்களுக்குக் களிமண் 1, மணல் 2 அல்லது 3 பங்கு, நறுக்கிய வைக்கோல் சேர்த்துக் குழைத்து ஓரிரவு ஊறவிடுங்கள். சுவரில் ஓரடிச் சதுரம் பூசிப் பாருங்கள்: காய்ந்து வெடித்தால் மணல் கூட்டுங்கள், விரலில் உதிர்ந்தால் களி கூட்டுங்கள். சுவரை நனைத்து அரை அங்குலம் அரை அங்குலமாக அப்பி, மேற்பரப்பைக் கீறிவிடுங்கள்.

அது நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு 1, ஆற்று மணல் 3. வாவி மணலோ கடல் மணலோ வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சை உரிக்கும். பையில் வரும் சுண்ணாம்பை ஒரு நாளாவது தண்ணீரில் ஊறவையுங்கள். கால் அங்குலமாக இரண்டு பூச்சு. நான்கைந்து நாள் ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள். வெயிலில் சட்டெனக் காய்ந்தால் மாவாக உதிரும். வெள்ளையடிப்புப் பால்போலத் தண்ணியாக, நாளுக்கு ஒன்றாக நான்கைந்து தடவை. தடிப்பாக அடித்தால் பொருக்காகக் கழரும்.

கூரையில் பெரும்பாலும் உக்குவது தாவாரத்துக் கைமர நுனிதான். உக்கியதை மட்டும் வெட்டி, அதே மரத்தில், தடிப்பின் மூன்று மடங்கு நீளத்துக்குச் சாய்வுப் பொருத்துப் போடச் சொல்லுங்கள். கைமரத்தைச் சுவர்மேல் கிடக்கும் வளையோடு துத்தநாகம் பூசிய கம்பியால் கட்டுவதைத் தவறவிடாதீர்கள். 1978 நவம்பர் 23 புயலைக் கண்ட ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைப் பலகைகளைக் கழற்றுமுன் உட்பக்கம் வரிசை இலக்கம் போடுங்கள். பலகை நுழையும் மேல் தவாளிப்பு (நீளப் பள்ளம்) கீழதைவிட இரு மடங்கு ஆழமாக இருக்க வேண்டும். பலகையை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது அதனால்தான். மாரியில் பலகை இறுகுகிறதென்று உடனே சீவினால் கோடையில் விரல் நுழையும் இடைவெளி விழும். கீழ்த் தவாளிப்பில் தண்ணீர் நின்று கட்டை உக்கும். இரண்டடிக்கு ஒன்றாக வெளிப்பக்கம் சாய்ந்த துளை போடுங்கள். சுருள் இரும்புக் கதவுக்காக மேல் உத்தரத்தை வெட்டக் கேட்டால் மறுத்துவிடுங்கள். முன்கூரையின் பாரம் அதில்தான் இருக்கிறது.