மிஸ்பா: ஊர்ப்பெயரை வைத்துப் பிரசங்கிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசங்கம் பழகும் ஒரு தம்பி போன மாதம் திருமண ஆராதனைக்கு ஒரு குறிப்பு எழுதி எடுத்து வந்தான். தலைப்பு, 'மிஸ்பா: கர்த்தர் நடுநிற்கும் இல்லம்'. மிஸ்பா என்பது வேதாகமத்தில் வரும் ஓர் ஊர்ப்பெயர். நானும் ஒரு காலத்தில் இதே தலைப்பில் பேசியிருக்கிறேன், கிட்டத்தட்ட இதே மூன்று பிரிவுகளோடு. அதனால்தான் எழுதுகிறேன். அதிகார எண்ணை மாற்றிச் சொல்வது, பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை பழகப் பழகத் தானே சரியாகிவிடும்.

தமிழ் ஒலியை வைத்துப் பொருள் தேடுவது

வேண்டாம். எபிரெய எழுத்துகள் பல தமிழில் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. அதனால் தமிழில் ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்கள் எபிரெயத்தில் வேறுவேறு சொற்களாக இருக்கலாம்.

எச்சரிக்கையை வாழ்த்தாக மாற்றுவது

மிஸ்பா என்றால் காவல் பார்க்கும் இடம், உயரத்திலிருந்து நோட்டமிடும் இடம். எசேக்கியேல் 3:17இல் 'காவலாளன்' என்று வரும் சொல்லுக்கும் இதே வேர்தான். இன்றைய இஸ்ரேலில் பெரும் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் மிட்ஸ்பே ராமோன் என்ற ஊரின் பெயரிலும் இந்தச் சொல்லே இருக்கிறது. சொல்லின் பொருளில் யாரும் தவறுவதில்லை. யார், யாரை, எதற்காகக் கண்காணிக்க வேண்டும் என்று கேட்காமல் விடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

ஆதியாகமம் 31ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். யாக்கோபு மாமனார் வீட்டில் 20 வருஷம் உழைத்தவன். லாபான் பத்து முறை சம்பளத்தை மாற்றினான் என்பது அவன் குற்றச்சாட்டு. சொல்லாமல் கொள்ளாமல் மனைவி மக்களோடும் மந்தைகளோடும் கிளம்பிவிடுகிறான். லாபான் ஏழுநாள் துரத்தி வந்து கீலேயாத் மலையில் பிடிக்கிறான். காணாமல்போன தன் வீட்டுத் தெய்வச் சுரூபங்களைத் தேடி ஒவ்வொரு கூடாரமாகப் புகுந்து பார்க்கிறான். அவற்றை ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்துவைத்து அதன்மேலேயே அவன் மகளும் யாக்கோபின் மனைவியுமான ராகேல் உட்கார்ந்திருக்கிறாள். ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாத நிலையில்தான் கற்களைக் குவிக்கிறார்கள். அந்த ஒரே குவியலுக்கு லாபான் தன் அரமேய மொழியில் ஜெகர்சகதூதா என்று பேரிடுகிறான், யாக்கோபு எபிரெயத்தில் கலயேத் என்கிறான். இரண்டுக்கும் 'சாட்சியின் குவியல்' என்றே பொருள். தீங்கு செய்ய நானும் இதைத் தாண்டமாட்டேன், நீயும் தாண்டக்கூடாது என்பது ஒப்பந்தம். நம் ஊர் வழக்கில் சொன்னால் எல்லைக்கல் நட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அந்த இடத்துக்குத்தான் மிஸ்பா என்ற பெயரும் விழுகிறது. இனி உன்னை நான் பார்க்க முடியாது, ஆகவே கர்த்தர் பார்த்துக்கொண்டிருப்பார் என்கிறான் லாபான்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பிரிந்திருந்த காதலர்கள் 'மிஸ்பா' என்று பொறித்த மோதிரங்களையும் உடை ஊசிகளையும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். நம் சபைகளில் அது வாக்குத்தத்த அட்டையிலும் வீட்டுப் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைக்கிறோம். பெயர் வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. வசனத்தை வெட்டுவதில்தான் வருத்தம்.

நான் வெட்டிய நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. கல்யாண ஆராதனையில் 'கர்த்தர் உனக்கும் எனக்கும் நடுநின்று' என்ற பகுதியை மட்டும் எடுத்துப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டு பந்தி முடிந்து கை கழுவும்போது, சபையைச் சேர்ந்த ஒரு அக்கா பக்கத்தில் வந்து நின்றார்கள். "தம்பி, குமாரத்திகளைத் துயரப்படுத்தினால்னு அதிலேயே இருக்கே, அதை ஏன் வாசிக்கல?" என்று கேட்டார்கள். அவர்கள் கணவருக்கு வேலை வெளியூரில். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது சபையில் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு வசனங்களையும் (ஆதியாகமம் 31:49, 50) பிடித்துக்கொண்டுதான் அந்த அக்கா வருஷக்கணக்காக ஜெபித்து வந்தார்கள். அவர்களுக்கென்று இருந்த பாதியை நான் நீக்கிவிட்டு, மிச்சத்தை மணமக்களுக்கு மாலையாகப் போட்டிருக்கிறேன். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

49, 50 வசனங்களைச் சேர்த்து வாசித்தால்தான் விஷயம் முழுதாகத் தெரியும். என் மகள்களைத் துன்புறுத்தினாலோ, அவர்களைத் தவிர வேறு பெண்களைக் கட்டினாலோ, கேட்க மனிதர் யாரும் இல்லாவிட்டாலும் தேவன் சாட்சி. லாபான் நல்லவன் என்று இதற்குப் பொருளில்லை. 'எங்களை விற்றுவிட்டார்' என்று அதே அதிகாரத்தில் அந்த மகள்களே அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். இருந்தாலும் அவன் வைத்த நிபந்தனை ராகேலுக்கும் லேயாளுக்கும் காவலாக நிற்கிறது. கல்யாணத்தில் இதை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எடுத்தால் இரண்டு வசனங்களையும் முழுதாக வாசியுங்கள், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து வாசியுங்கள். அது முடியாதென்றால் வேறு வசனம் எடுங்கள். தம்பியிடமும் இதையேதான் சொன்னேன்.

எல்லா மிஸ்பாவும் ஒரே ஊர் என்று நினைப்பது

நம் பக்கம் எத்தனை புதூர்! மிஸ்பாவும் அப்படித்தான். லாபானின் கற்குவியல் யோர்தானுக்குக் கிழக்கே கீலேயாத்தில். நியாயாதிபதி யெப்தாவின் வீடு இருந்த மிஸ்பாவும் கீலேயாத் பக்கம்தான். சாமுவேல் ஜனங்களைக் கூட்டி ஜெபித்தது, சவுல் ராஜாவாகச் சீட்டு விழுந்தது, எருசலேம் அழிந்தபின் கெதலியா ஆளுநராக இருந்து கொலையுண்டது எல்லாம் பென்யமீன் கோத்திரத்தின் மிஸ்பாவில். தாவீது தன் தாய்தகப்பனைக் கொண்டுபோய் விட்டதோ மோவாபிலுள்ள மிஸ்பா.

பென்யமீனின் மிஸ்பா, எருசலேமுக்கு வடக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள தெல் என்-நஸ்பே என்ற மேடுதான் என்பது பல அறிஞர்களின் கருத்து. நெபி சாம்வில் என்ற வேறோர் இடம் என்போரும் உண்டு. தெல் என்-நஸ்பேயில் 1926 முதல் 1935 வரை வில்லியம் பாடே அகழாய்வு நடத்தினார். 1932இல் சேவல் உருவம் பொறித்த ஒரு முத்திரை அங்கே கிடைத்தது. 'ராஜாவின் ஊழியன் யசனியாவுக்குரியது' என்று அதில் எழுதியிருக்கிறது. மிஸ்பாவில் கெதலியாவிடம் வந்தவர்களில் ஒரு யசனியா உண்டு (2 இராஜாக்கள் 25:23). இருவரும் ஒரே ஆள்தான் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு பெயருக்கு வேதம் சொல்லும் காரணத்தை அகராதிப் பொருளாக எடுப்பது

ஆதியாகமம் 11:9 பாபேலை 'பாலால்' என்ற எபிரெய வினையோடு, அதாவது 'குழப்பு' என்பதோடு சேர்க்கிறது. அந்த ஊர்க்காரரின் அக்காதிய மொழியிலோ அது 'பாப்-இலி', தெய்வத்தின் வாசல். இரண்டையும் அறிந்து சொன்னால், வானத்தை எட்டப்பார்த்த நகரத்தின்மேல் அந்தச் சொல் விளையாட்டு எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்று கேட்பவர்களுக்கும் புரியும்.

ஆகோர் என்றால் கலக்கம் என்று யோசுவா 7லேயே நிறுத்திவிடுவது

ஓசியா 2:15 வரை போங்கள். அங்கே அதே ஆகோர் பள்ளத்தாக்கு நம்பிக்கையின் வாசலாகிறது.