கார்டில் கோடு சரியாகத்தான் விழுகிறது, தவறு வேறு இடத்தில்

கர்ப்ப சோதனைக் கார்டின் பெட்டியில் ‘99 சதவீதம் துல்லியம்’ என்று போட்டிருப்பார்கள். சரியான நாளில், சொன்ன முறைப்படி செய்தால் கிடைக்கும் துல்லியம் அது. வீட்டில் முடிவு பிசகுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: நாள் முந்திவிடுவது, நேரம் கடந்தபின் பார்ப்பது.

கார்டு தேடுவது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு உருவான அன்றே இது சுரப்பதில்லை. கருமுட்டை வெளிவந்து 6 முதல் 12 நாட்களுக்குள், பலருக்கு 8 முதல் 10 நாட்களில், கரு கருப்பைச் சுவரில் ஒட்டும். அதன் பிறகே ஹார்மோன் இரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும். ஆரம்பத்தில் ஏறத்தாழ 2 நாளுக்கு ஒருமுறை அதன் அளவு இரட்டிப்பாகும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கார்டுகள் பலவும் மில்லி லிட்டருக்கு 25 மில்லி யூனிட் இருந்தால்தான் காட்டும். இன்று 10 இருந்தால் ஒரே கோடுதான் விழும். மூன்று நாள் கழித்து அதே பெண்ணுக்கு இரண்டு கோடு விழலாம். அதனால் மாதவிடாய் வரவேண்டிய தேதிக்கு முன்பே பார்த்து ‘இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். தள்ளிப்போய் ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கும் ‘தள்ளிப்போன நாள்’ எது என்றே தெரியாது. அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கும் தேதி முன்பின்னாக நகரும். இவர்கள் கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் எண்ணிக்கொண்டு பார்க்கலாம்.

காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. அது முடியாவிட்டால் 4 மணி நேரமாவது அடக்கிய சிறுநீர் வேண்டும். ‘சிறுநீர் வரட்டும்’ என்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் ஹார்மோன் நீர்த்துப்போகும். ஆரம்ப நாட்களில் முடிவு மாறுவதற்கு அதுவே போதும். பிடிக்கும் கப்பில் சோப்பு ஒட்டியிருக்கக் கூடாது, ஈரமும் கூடாது.

உறையைச் சோதனை செய்யும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். முந்தைய நாளே பிரித்துவைத்தால் உள்ளே இருக்கும் பட்டை ஈரம் இழுத்துவிடும். காலாவதித் தேதியையும் பாருங்கள். கூடவே, கருமுட்டை வெளிவரும் நாளைக் காட்டும் சோதனைப் பெட்டியும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இருக்கும். எதை வாங்கினோம் என்று படித்துவிடுங்கள்.

கார்டைச் சமதளத்தில் வைத்து, சின்னக் குழியில் டிராப்பரால் சொட்டு விடுங்கள். பல கார்டுகளுக்கு 3 சொட்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் எத்தனை போட்டிருக்கிறதோ அத்தனை. குறைந்தால் நீர் கடைசிவரை ஏறாது. கூடினால் பட்டை முழுக்க நனைந்து கோடு கலங்கிவிடும்.

அடுத்தது நேரம். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் 5 நிமிடம், அதிகபட்சம் தாளில் சொன்ன நேரம். அதற்குள், சோதனை முடிவைக் காட்டும் ‘டி’ பக்கம் நிறத்தோடு விழும் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். அரை மணி கழித்துக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தால் தெரியும் சாம்பல் நிறக் கோடு, நீர் காய்ந்த தடம். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கார்டு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ‘சி’ கோடு விழாவிட்டால் ‘டி’ என்ன காட்டினாலும் அந்தக் கார்டு செல்லாது. சந்தேகமிருந்தால் 48 மணி நேரம் கழித்துப் புதுக் கார்டில் பாருங்கள், அல்லது இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. அளவைப் பார்த்துவிடுங்கள்.

உப்பு, சர்க்கரை, பற்பசை வைத்துச் செய்யும் சோதனைகள் எதையும் சொல்லாது. பற்பசை ஆண்களின் சிறுநீரிலும் நுரைக்கும்.

ஆன்டிபயாட்டிக், பாராசிட்டமால், கருத்தடை மாத்திரை இவை முடிவை மாற்றுவதில்லை. குழந்தைப்பேறு சிகிச்சையில் போடும் எச்.சி.ஜி. ஊசி மாற்றும், அது உடலில் 10 முதல் 14 நாள்வரை தங்கலாம், அதற்குள் விழும் இரண்டாம் கோடு ஊசியால் வந்ததாக இருக்கலாம். கருச்சிதைவுக்குப் பிறகும், கலைப்பு மாத்திரைக்குப் பிறகும் சில வாரங்களுக்குப் பாசிட்டிவ் காட்டும். ‘முழுசா கலைஞ்சுதா’ என்று ஒரு வாரத்தில் கார்டில் பார்ப்பது வீண். மருத்துவர் சொல்லும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோதான் சொல்லும். இதற்கு நேர்மாறாக, மாதங்கள் கடந்த கர்ப்பத்தில் ஹார்மோன் மிக அதிகமாகி, அரிதாகச் சில கார்டுகள் ‘இல்லை’ என்று காட்டுவதுண்டு.

கரு எங்கே இருக்கிறது என்பதைக் கார்டு சொல்லாது. கருக்குழாயில் தங்கிய கருவுக்கும் இரண்டு கோடு விழும். ஹார்மோன் மெதுவாக ஏறினால் மங்கலாகவே நிற்கும். நாள் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, இரத்தக்கசிவு, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி இவற்றில் எது வந்தாலும், இன்னொரு கார்டு வாங்கப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.