பட்டாவில் இடம் மாறிய பெயர்: யு.டி.ஆர். பிழை தீர்ந்த விதம்

அப்பாவின் 1971 கிரயப் பத்திரம் கையில், வில்லங்கச் சான்றும் சுத்தம். ஆனாலும் வாரிசு முறையில் பட்டா மாறுதல் மனு நிராகரிப்பு: எங்கள் நிலத்தின் உட்பிரிவு (சர்வே எண்ணின் துணை எண்) பக்கத்து வயல்காரர் பெயரில் இருந்தது. இ-சேவையில் மறுபடி விண்ணப்பித்தோம், அப்புறம் நிலத்தையும் அளந்தோம். எல்லைக் கற்கள் சரியாகவே இருந்தன.

துப்பு பரப்பில்தான் கிடைத்தது. பத்திரத்தில் 62 சென்ட். ஒரு ஏர் (100 சதுர மீட்டர்) 2.47 சென்ட் என்றால் சுமார் 25 ஏர். சிட்டாவில் அப்பா பெயர் அடுத்த உட்பிரிவில், 31.5 ஏருக்கு எதிரே! 1979–87இல் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பணியில் இரு பெயர்களும் இடம் மாறியிருந்தன.

அதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் (கிராம நிலங்களின் பரப்பு, உரிமையாளர் விவரம் உள்ள பதிவேடு) நகலில் பெயர்கள் சரி. அதோடு பக்கத்துக்காரரின் சம்மத வாக்குமூலத்தையும் இணைத்து, மாவட்ட வருவாய் அலுவலருக்குப் பிழைதிருத்த மனு கொடுத்தோம். ஒரே உத்தரவில் இரண்டு பட்டாவும் சரியாயின. பெரிய நிம்மதி.