வெளிநாட்டில் வண்டி ஓட்டியதற்கு அபராதம் வந்தால்

பயணம் முடிந்து பல வாரங்கள் கழித்துத்தான் போக்குவரத்து அபராதக் கடிதம் வரும். எங்கோ தொலைவில் நடந்ததுதானே என்று இழுப்பறைக்குள் போட்டுவிடாதீர்கள். கெடு தாண்டினால் தொகை ஏறும். சீக்கிரம் கட்டினால் சலுகை தரும் நாடுகளும் உண்டு. ஸ்பெயினில் பெரும்பாலான அபராதங்களை 20 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும்.

கட்டுவதற்கு முன், சாலைக் கேமரா எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் பலகையில் இருக்கும் 3, கேமராவின் கண்ணுக்கு 8 ஆகத் தெரிந்திருக்கலாம். வண்டியின் நிறமே வேறாக இருக்கலாம். தேதி, நேரம், இடம் மூன்றையும் கையில் உள்ள பெட்ரோல் ரசீதோடும் விடுதி ரசீதோடும் ஒப்பிடுங்கள். தவறு என்று தெரிந்தால் கெடுவுக்குள் முறையீடு செய்யுங்கள். அவசரப்பட்டுக் கட்டிவிட்டால் பல இடங்களில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வாடகைக் காரில்தான் பலர் குழம்புகிறார்கள். உங்கள் விவரங்களைக் காவல்துறைக்குத் தந்ததற்காக வாடகை நிறுவனம் உங்கள் கார்டிலிருந்து ஒரு கட்டணம் எடுக்கும். பெரும்பாலும் அது சேவைக் கட்டணம் மட்டுமே. அபராதம் தனியாக வரும். 'ஏற்கெனவே கட்டிவிட்டேனே' என்று இருந்துவிடாமல், எடுத்த பணம் எதற்கு என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அபராதம் கட்டச் சொல்லி குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தயவுசெய்து தொடாதீர்கள். மோசடிக்காரர்களுக்கு இது பழகிய வழி. அரசுத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அபராத எண்ணைப் போட்டுப் பாருங்கள். சாலையோரத்திலேயே கட்ட நேர்ந்தால், ரசீது கைக்கு வராமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.